டூல் பெட்டிக்குள் ஒரு பழைய பக்கம்

விமானத்தின் சக்கரம் மாற்றும் வேலை. மெக்கானிக் கையில் இருந்த மெயின்டனன்ஸ் மேனுவல் பக்கம், ஏடிஏ 32-ஆம் அத்தியாயம் (விமான மேனுவல்களின் பொது எண்முறையில் லேண்டிங் கியர் பகுதி), கிரீஸ் படிந்து ஓரம் சுருண்டிருந்தது. டார்க் அளவை, அதாவது நட்டை எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்பதை, சரிபார்த்தால் கணினியில் வேறு எண். இடையில் மேனுவலுக்கு ஒரு தற்காலிகத் திருத்தம் வந்திருக்கிறது. நூலகப் பிரதியில் சேர்த்துவிட்டோம். டூல் பெட்டிக்குள் கிடந்த நகலுக்கு யார் போய்ச் சொல்வது?

முதலில் சுற்றறிக்கை அனுப்பினேன். யாரும் படிக்கவில்லை. அப்புறம், அச்சாகும் ஒவ்வொரு பக்கத்திலும் விமானப் பதிவெண், திருத்த எண், தேதி, ‘இன்று மட்டும் செல்லும்’ என்ற வரி தானாக விழும்படி செய்தேன். நகல் திரும்பி வந்தால்தான் ஒர்க் ஆர்டர், அதாவது அந்த வேலைக்கான ஆணை, மூடப்படும். பெட்டிகளைத் துழாவியதில் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய தாள்கள். மூத்த மெக்கானிக் ஒருவர் மட்டும் டார்க் எண்களைத் தன் பாக்கெட் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதை வாங்குவதுதான் பாக்கி.