தீவுகளில் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு: புதுக் குழுக்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள்

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், உடல் பருமன், புகை, மது ஆகியவை ஒரு நாட்டில் எவ்வளவு என்று அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைக்கு ஸ்டெப்ஸ் என்று பெயர். கேள்வித்தாள், உடல் அளவீடு, ரத்தப் பரிசோதனை என்று மூன்று படிகள். பிஜி, டோங்கா, சமோவா, நவுரு, கிரிபாட்டி (அங்கே போனால் கிரிபாஸ் என்றுதான் சொல்வார்கள்) எனப் பசிபிக்கில் பல நாடுகள் இதைச் செய்து முடித்திருக்கின்றன. அப்படியும் ஒவ்வொரு புதுக் குழுவும் பழைய குழியிலேயே விழுகிறது. எடை மேடையைச் சமதளத்தில் வைப்பது, காலணியைக் கழற்றச் சொல்வது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. அவை இங்கே வேண்டாம்.

சூத்திரத்துக்குத் தீவின் அளவு தெரியாது

எத்தனை பேரை அளக்க வேண்டும் என்று சொல்லும் சூத்திரத்தில் 95% நம்பகத்தன்மை, 5% பிழை வரம்பு என்றால் 384 பேர். கொத்து கொத்தாகத் தேர்வு செய்வதால் 1.5 மடங்கு. வயதும் பாலினமும் சேர்த்து 6 பிரிவுகள். 80% பேர்தான் ஒத்துழைப்பார்கள் என்று வைத்தால் 4,320 பேர். பெரிய நாட்டுக்குச் சரி. டோக்கெலாவில் மூன்று பவளத்தீவுகளையும் சேர்த்தாலே மொத்தம் சுமார் 1,500 பேர்தான். விமான நிலையம் கிடையாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் கப்பலில் போக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் மாதிரி எடுக்கும் பேச்சே கூடாது. பெரியவர்கள் எல்லோரையும் கூப்பிட வேண்டும்.

வீட்டில் இருந்தவரைப் பிடித்துப் போடுவது

வீட்டுக்கு ஒருவரை டேப்லெட் கணினி தேர்ந்தெடுக்கிறது. அவர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருக்கிறார். வந்த வேலை முடியட்டும் என்று களப்பணியாளர் வீட்டிலிருக்கும் அவருடைய மனைவியை உட்காரவைத்துவிடுகிறார். பெண்கள் கூடி ஆண்கள் குறைந்தால் பகுப்பாய்வில் ஆண்களின் பதிவுகளுக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று சமாதானம் சொல்வார்கள். ஆண்-பெண் விகிதம் சரியாகும். கடலுக்குப் போகும் ஆணின் இடத்தை வீட்டில் கிடைத்த ஆண் நிரப்ப முடியுமா? நடப்பதிலும் புகைப்பதிலும் சாப்பிடுவதிலும் இருவரும் வேறு வேறு. வெவ்வேறு நேரங்களில் மூன்று முறையாவது திரும்பிப் போங்கள். அப்படியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் ‘கிடைக்கவில்லை’ என்றே பதியுங்கள்.

கஃப்

ரத்த அழுத்தம் அளக்கக் கையில் சுற்றும் பட்டைதான் கஃப். மேற்கையின் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரை நடுத்தர கஃப், அதற்கு மேல் பெரியது. இந்தத் தீவுகளில் பெரிய கஃப்தான் அன்றாடம் கையில் எடுப்பது. மிகப் பெரியதும் பையில் இருக்க வேண்டும். கருவியோடு வந்த நடுத்தர கஃப் ஒன்றையே எல்லோருக்கும் இழுத்துக் கட்டினால், பெரியது தேவைப்படும் கையில் மேல் அழுத்தம் சுமார் 5 புள்ளி கூடுதலாகக் காட்டும். மிகப் பெரியது தேவைப்படும் கையில் அது 20 வரை போகும். மூன்று முறை அளந்து கடைசி இரண்டின் சராசரியை எடுக்கிறோமே என்று கேட்கலாம். சிறிய கஃப்பால் மூன்று முறை அளந்தால் மூன்று முறையும் தப்பாகத்தான் வரும். முதலில் கையை டேப்பால் அளந்து, எந்த கஃப் என்பதைப் படிவத்தில் குறியுங்கள்.

பிளாஸ்மாவா, முழு ரத்தமா?

மற்ற தவறுகளை ஒரு குழு இரண்டாம் வாரத்திலாவது உணர்ந்துகொள்ளும். குளுக்கோஸ் மீட்டரில் நடக்கும் இந்தத் தவறை மட்டும் அறிக்கை அச்சான பிறகும் கண்டுபிடிப்பதில்லை.

ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் எஞ்சும் திரவம் பிளாஸ்மா. சிவப்பணுக்களில் பிளாஸ்மாவை விடத் தண்ணீர் குறைவு. அதனால் ஒரே ஆளின் ஒரே சொட்டில், முழு ரத்தத்தின் குளுக்கோஸ் அளவு பிளாஸ்மாவின் அளவை விடக் குறைவாக இருக்கும். முழு ரத்த எண்ணை 1.11 ஆல் பெருக்கினால் பிளாஸ்மா எண் வரும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 1999இல் இரண்டு வரம்புகள் கொடுத்தது. வெறும் வயிற்றில் பிளாஸ்மா என்றால் லிட்டருக்கு 7.0 மில்லிமோல் (டெசிலிட்டருக்கு 126 மி.கி.), முழு ரத்தம் என்றால் 6.1 (110 மி.கி.).

இப்போதைய மீட்டர்கள் பெரும்பாலும் விரல் நுனியின் முழு ரத்தத்தை வாங்கி, உள்ளேயே கணக்குப் போட்டு, பிளாஸ்மாவுக்குச் சமமான எண்ணைத் திரையில் காட்டுகின்றன. பழைய மாதிரிகள் சில முழு ரத்த எண்ணையே காட்டும். புதியவர் செய்வது இதுதான்: “விரலில் எடுத்தது முழு ரத்தம், ஆகவே வரம்பு 6.1” என்று முடிவுகட்டிவிடுவார். பிளாஸ்மா எண் காட்டும் மீட்டரில் அப்படிச் செய்தால், 6.1 முதல் 6.9 வரை உள்ள அத்தனை பேரும் ஒரே வரியில் சர்க்கரை நோயாளிகள் ஆகிவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள். இன்னொருவர் பிளாஸ்மா எண்ணையே மறுபடி 1.11 ஆல் பெருக்குவார், 6.4 அப்போது 7.1 ஆகும். முழு ரத்த மீட்டரில் 7.0 வரம்பை வைத்தால் தவறு எதிர்ப்பக்கம் சாயும், உண்மையான நோயாளிகள் விட்டுப்போவார்கள்.

கோபம் வருவது எங்கே என்றால், இந்தத் தவறை யாரும் சந்தேகப்படுவதில்லை. 1970களின் நடுவில் ஆஸ்திரேலிய மருத்துவர் பால் ஜிம்மெட்டின் குழு நவுருவில் பரிசோதித்தபோது, பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அன்றிலிருந்து பசிபிக் என்றால் எவ்வளவு பெரிய எண்ணையும் எல்லோரும் நம்பத் தயார். வேறு நாட்டில் இப்படி ஒரு சதவீதம் வந்தால் யாராவது மீட்டரைக் கேட்பார்கள். இங்கே தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார்கள்.

இரண்டு சுற்றுகளை ஒப்பிடும்போது இது இன்னும் மோசம். முதல் சுற்றில் முழு ரத்த மீட்டர், வரம்பு 6.1, தவறில்லை. இரண்டாம் சுற்றில் புது மீட்டர் பிளாஸ்மா எண் காட்டுகிறது. பகுப்பாய்வு நிரலோ பழைய கோப்பின் நகல், அதே 6.1. பத்து ஆண்டுகளில் நோய் ஏறிவிட்டது என்று வரைபடம் காட்டும். அந்த ஏற்றத்தில் எத்தனை பங்கு மீட்டரால் வந்தது என்பதைப் பிறகு பிரிக்கவே முடியாது. ரத்தச் சொட்டு போய்விட்டது, சொட்டை வாங்கி மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்களின் பெட்டியும் குப்பைக்குப் போய்விட்டது.

ஆகவே பயிற்சி தொடங்குவதற்கு முன்பே ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படியுங்கள். எந்த எண் காட்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளைப் படம் எடுத்து ஆய்வுக் கோப்பில் சேருங்கள். மீட்டர் மாதிரி, ஸ்ட்ரிப் தொகுதி எண் இரண்டும் ஒவ்வொருவர் பதிவிலும் இருக்கட்டும். களத்தில் யாரும் பெருக்கவோ வகுக்கவோ கூடாது; திரையில் தெரிந்த எண் ஒரு பத்தியில், மாற்றிய எண் வேறு பத்தியில். அமெரிக்க சமோவா, மார்ஷல் தீவுகள் போன்ற இடங்களில் மி.கி., மற்ற இடங்களில் மில்லிமோல் என்பதால் அலகையும் எழுதுங்கள். மி.கி.யை மில்லிமோலாக்க 18 ஆல் வகுக்க மறந்த எண்ணைக் கண்டதும் பிடித்துவிடலாம், 1.11 ஐ அப்படிப் பிடிக்க முடியாது. தினமும் காலையில் குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டுத் திரவம் ஒரு சொட்டு விட்டு மீட்டரைச் சரிபாருங்கள். ஸ்ட்ரிப் குப்பியைத் திறந்து போட்டால் கடல் காற்றின் ஈரம் உள்ளே போகும். பெரும்பாலான ஸ்ட்ரிப்கள் 30 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால் வெயிலில் நிற்கும் அலுமினியப் படகில் பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னொன்று: சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு எண் சாதாரணமாக வரலாம். அவரும் நோயாளி கணக்கில்தான் வர வேண்டும்.

“சாப்பிட்டீர்களா?” என்று கேட்காதீர்கள்

வெறும் வயிற்றில் வந்திருக்கிறாரா என்று அறிய இப்படிக் கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். சர்க்கரை போட்ட தேநீர் சாப்பாடு இல்லையே! கிரிபாட்டியில் காலையில் இறக்கிய கரேவே குடித்திருப்பார். அது தென்னம்பாளையில் வடியும் புளிக்காத இனிப்புச் சாறு, நம் பதநீரின் உறவு. நேற்று ராத்திரி கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, இன்று வாயில் என்னென்ன பட்டது என்று தனித்தனியாகக் கேளுங்கள். விரதம் இருக்காதவரைத் துரத்தாதீர்கள், குறியிட்டுச் சர்க்கரைப் பகுப்பாய்வில் மட்டும் விலக்குங்கள்.

ஈரப்பலா காய்கறி இல்லை

சேம்பு, மரவள்ளி, வள்ளிக்கிழங்கு எதுவும் காய்கறிக் கணக்கில் வராது. காய்கறி எவ்வளவு சாப்பிடுகிறார் என்று கேட்கும்போது காட்டும் படம் போட்ட அட்டையில் உள்ளூர் கீரையை வையுங்கள்.

கள் மது, காவா மது இல்லை

கரேவே புளித்தால் காவோகியோகி. அதை ‘வீட்டில் செய்த மது’ என்று பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். காவா ஒரு செடியின் வேரை இடித்துக் கரைத்த பானம்; பிஜியில் அதற்கு யங்கோனா என்று பெயர், அதில் ஆல்கஹால் கிடையாது. அதற்குத் தனிக் கேள்வி. சாலமன் தீவுகளில் பாக்கு போடுபவரிடம் புகையிலை சேர்க்கிறாரா என்றும் கேட்க வேண்டும்.

150 கிலோ மேடை

போதாது. 200 கிலோ வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

டோங்காவில் வேலை வைக்காதீர்கள். சட்டமே இருக்கிறது.

வயது வரம்பு

பிஜியின் 2002 சுற்று 15 முதல் 64 வயது வரை, 2011 சுற்று 25 முதல் 64 வரை. இன்றைய வழக்கம் 18 முதல் 69. மொத்த சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இளைஞர்கள் இல்லாத சுற்றில் நோய் தானாகவே கூடித் தெரியும். எல்லாச் சுற்றுகளிலும் இருக்கும் வயதை மட்டும், அதாவது 25–64 ஐ, வெட்டி எடுத்து ஒரே மக்கள்தொகை அமைப்புக்குத் தரப்படுத்தி ஒப்பிடுங்கள். பிஜியில் இதை பூர்வகுடிகளான இடௌக்கெய் மக்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 1903 முதல் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த இரண்டாம் பிரிவில்தான் இருக்கிறார்கள்.