வால்பாறைக்கு இரண்டு நாள்: ஓடாமல் சுற்றுவது எப்படி

வால்பாறைக்குப் போய்விட்டு வந்து "ஒண்ணுமே பார்க்கல, வெறும் டீ எஸ்டேட்தான்" என்று சொல்கிறவர்களைப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வாராவாரம் பார்க்கிறேன். கேட்டால் கணக்கு இப்படி இருக்கும்: காலையில் குரங்கு அருவி, லோம்ஸ் வியூவில் ஒரு செல்ஃபி, அப்புறம் பாலாஜி கோயில், சோலையாறு டேம், நல்லமுடி பூஞ்சோலை, சாயங்காலம் கீழே இறக்கம். அத்தனை இடத்திலும் சேர்த்து வண்டியை விட்டு இறங்கி நின்றது இரண்டு மணி நேரம் இருக்காது. மீதி நேரம் முழுக்க ஸ்பீக்கரில் பாட்டு. காட்டில் எதுவுமே கண்ணில் படாமல் போக இதைவிட நல்ல வழி கிடையாது.

முதலில் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரிந்துவிடும். வால்பாறை மேடு சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890-களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டித்தான் காபியும் டீயும் போட்டார்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பறம்பிக்குளம், வாழச்சால். நடுவில் டீ. அந்த டீக்கு நடுவே ஓடைக்கரையிலும் மேட்டிலும் வெட்டாமல் விட்ட சோலைகள் துண்டு துண்டாக நிற்கின்றன. யானைக்கோ காட்டுமாட்டுக்கோ ஒரு சோலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக டீக்குள் நடந்து, ரோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதனால் இங்கே நீங்கள் காட்டுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. நல்ல ரோட்டோரமாகப் பார்த்து, தொந்தரவு இல்லாமல் நின்றால் போதும், காடு தானாக உங்களைத் தாண்டிப் போகும்.

எப்போது போவது? டிசம்பரிலிருந்து மார்ச் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டுகிற மழையைப் பார்க்க ஆசை என்றால் அதுவும் சரிதான் (சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்று), ஆனால் நாள் முழுக்க லாட்ஜ் ஜன்னல்தான் கதி. கார், பைக் எதில் வந்தாலும் இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் வந்த ஏற்பாடு இங்கே 2025 நவம்பரில் வந்தது. என் யோசனை என்னவென்றால், வண்டியே வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் பாறையைப் பார்க்கலாம்.

பாறை என்று சொன்னது வரையாட்டுக்காக. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் 9-வது வளைவை ஒட்டிய பாறைச் சரிவுகளைக் கவனியுங்கள். பாறையும் ஆடும் ஏறக்குறைய ஒரே நிறம், ஆடு காதை ஆட்டினால்தான் ஆடு என்று தெரியும். நம் மாநில விலங்கு அது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,303 தான் எண்ணினார்கள், ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டம்கூடத் தேறாது. சில நாள் அவை ரோட்டுத் தடுப்புச் சுவரிலேயே வந்து நிற்கும். ஏன் அவ்வளவு பழகிப்போயின என்று யோசித்துப் பாருங்கள்: பலரும் பழம் நீட்டியதுதான். நீங்கள் நீட்டாதீர்கள்.

மேலே ஏறி ஊருக்குள் நுழைவதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னால் புதுத்தோட்டம் வரும். சிங்கவால் குரங்கைப் பார்க்க இதைவிடச் சுலபமான இடம் உலகத்திலேயே இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத குரங்கு, மரத்தை விட்டுக் கீழே இறங்கவே யோசிக்கிற குரங்கு, இங்கே ரோட்டில் நடக்கிறது. சோலைத் துண்டு சின்னது, கூட்டம் பெரியது, நடுவில் பொள்ளாச்சி ரோடு. வண்டியில் அடிபட்டு நிறையச் செத்திருக்கின்றன. அதனால்தான் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய ஹோஸ் குழாய்களைப் பின்னிப் பாலம் கட்டியிருக்கிறார்கள், வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல ஆட்களும் நிற்பார்கள்.

அங்கே ஒரு முறை ஒரு பெண் குரங்கை அரை மணி நேரம் பார்த்தேன். வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. கையில் வெடிபலா, அதாவது உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் காட்டுக்காய், நம் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாலே குத்தும். அது காயைக் கிளையில் வைத்து உருட்டி, நுனி விரலால் பிடித்து, பல்லால் ஓரத்தைக் கிழித்து, கொட்டையை எடுத்துத் தின்றுவிட்டு ஓட்டைக் கீழே போட்டது. கீழே ஒரு கார் நின்றது. உள்ளிருந்து ஒரு கை சிப்ஸ் பாக்கெட்டை நீட்டியது. குரங்கு இறங்கி வந்து பாக்கெட்டை அதே நுனி விரலால், அதே கவனத்தோடு கிழித்தது. குட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தது. தின்பண்டம் கொடுக்காதே என்று போர்டு அதற்கு நேர் மேலே.

இருவாச்சிப் பறவைக்கு வருவோம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை காலை ஆறரைக்கு ஏதாவது ஒரு சோலை ஓரமாக, பழுத்த ஆல், அத்தி வகை மரம் தெரிகிற மாதிரி நில்லுங்கள். முதலில் காதில்தான் விழும். தூரத்தில் பழைய நீராவி இன்ஜின் புஸ் புஸ் என்று ஏறி வருவது போல, சிறகடிப்பு. அப்புறம்தான் மஞ்சள் மூக்கு தெரியும். இந்த மாதங்களில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலைத் தன் எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துக்கொண்டு, மூக்கு நுழைகிற இடுக்கு மட்டும் விட்டு உள்ளேயே கிடக்கும். ஆண் தொண்டையில் பழத்தை நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அந்த இடுக்கில் ஊட்டும். உங்களுக்குக் கூடு இருக்கிற மரம் தெரிந்துவிட்டதென்றால் சந்தோஷப்பட்டுக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள். மரத்தடியில் நாலு பேர் கேமராவோடு நின்றால் ஆண் பக்கத்து மரத்தில் வந்து உட்கார்ந்து, பார்த்துவிட்டு, பழத்தோடு திரும்பிப் போய்விடும். உள்ளே இருப்பவளுக்கு அன்றைக்குப் பட்டினி. கூட்டின் இடத்தை லொகேஷனோடு இன்ஸ்டாவில் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இந்தக் காட்டை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் காடர் பழங்குடியினர். தேன், குங்கிலியப் பிசின் எடுப்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. வாழச்சால் பக்கம், ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை எடுத்தவர்களே இன்றைக்குக் கூடுகளைக் கணக்கெடுத்துக் காவல் காக்கிறார்கள். வால்பாறைப் பக்கம் கல்லாரில் 2019 மழையில் நிலச்சரிவு வந்து வீடிழந்த காடர் குடும்பங்கள், பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டு இரண்டு வருடம் போராடி வாங்கினார்கள். ஆகவே "ட்ரைபல் வில்லேஜ் விசிட்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், அது அவர்கள் வீடு. வழியில் பார்த்தால் பேசுங்கள், தேன் விற்றால் கேட்கிற விலைக்கு வாங்குங்கள்.

இப்போது யானை. இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் சாவது இதில்தான். 70,000 பேர் வாழ்கிற மேடு இது. யானைகளும் இங்கே வந்து போய்க்கொண்டேதான் இருக்கின்றன. இங்கே யானை தேடி வந்து மனிதரைக் கொன்றது என்பதைவிட, இருட்டில், பனியில், ஒரு திருப்பத்தில் இரண்டு பேரும் எதிர்பாராமல் முட்டிக்கொண்டது என்பதுதான் அதிகம். இதைப் பல வருடம் பதிவு செய்து பார்த்த ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும், யானை எங்கே நிற்கிறது என்பதை ஊராருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதுமே என்று லோக்கல் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், அப்புறம் எஸ்எம்எஸ் அனுப்பினார்கள், அதற்கும் பிறகு உயரமான கம்பங்களில் செல்போனால் இயக்குகிற சிவப்பு விளக்கு வைத்தார்கள். 2015-ல் இதற்காக அவருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்குத் தருகிற விட்லி விருது கிடைத்தது. எஸ்டேட் ரோட்டில் சாயங்காலம் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். திரும்பிவிடுங்கள். விளக்கு எரியவில்லை என்பதால் யானை இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். டீக்கடையில் "இன்னைக்கு எங்கண்ணா நிக்குது?" என்று கேளுங்கள். எது என்று சொல்லவே தேவையில்லை, பதில் எஸ்டேட் டிவிஷன் பெயரோடு வரும்.

ரோட்டில் யானையைப் பார்த்துவிட்டால்: தூரத்திலேயே நிறுத்துங்கள், குறைந்தது 100 மீட்டர். ஹார்ன் அடிக்காதீர்கள், ஹெட்லைட்டை மினுக்காதீர்கள், கதவைத் திறக்காதீர்கள். பின்னால் வருகிறவருக்குக் கை காட்டி, மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். அது போனதும் உடனே கிளம்பாமல் கொஞ்சம் பொறுங்கள், ஒன்று தாண்டினால் பின்னால் குட்டியோடு இன்னும் நாலு நிற்கும். 2025 பிப்ரவரியில், மற்ற வண்டிகள் நின்றுகொண்டிருந்தபோது பைக்கில் தாண்டப் போன ஜெர்மனிக்காரர் ஒருவர் வால்பாறை ரோட்டில் யானை தாக்கி இறந்தார். நடந்து போகும்போது வழியில் யானை லத்தி, அதாவது சாணம், கிடந்தால் குனிந்து பாருங்கள். ஆவி பறக்கிறது, ஈரமாக மினுங்குகிறது என்றால் வந்த வழியே திரும்புங்கள், போட்டோ அப்புறம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டீ எஸ்டேட் வழியில் நடக்கவே கூடாது. டீச்செடி இடுப்பு உயரம், சிறுத்தைக்கு அது போதும். 2025 ஜூனில் ஒரு எஸ்டேட்டில் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. பாடிகளில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், வாழ்கிறவர்களுக்கு இது சுற்றுலா இல்லை. நான் ஒரு முறை தங்கிய இடத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஜீப்பும் சர்ச் லைட்டுமாக "சஃபாரி" கூட்டிப் போகிறோம் என்றார்கள், தலைக்கு இவ்வளவு என்று. சட்டப்படி அது குற்றம் என்று சொன்னதற்கு "எல்லாரும் போறாங்க சார்" என்று பதில். மறுநாள் காலையில் காலி செய்துவிட்டு டவுனில் சாதாரண லாட்ஜில் ரூம் போட்டேன். டவுனிலேயே தங்குங்கள் என்பதுதான் என் கருத்து. மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கும், முடீஸ், கருமலை, உருளிக்கல் பக்கமெல்லாம் பஸ் இருக்கிறது, அதில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற அக்காக்களோடு ஒரு மணி நேரம் போய் வந்தால் எந்த கைடும் சொல்லாத விஷயங்கள் தெரியவரும்.

தண்ணீர்: இறங்காதீர்கள். கூழாங்கல் ஆற்றில் எல்லோரும் இறங்குகிறார்களே என்பீர்கள். மேலே பெய்த மழை கீழே தெரியாது, பாறைக்கு நடுவே ஆழமும் தெரியாது. 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் கோவைக் கல்லூரி மாணவர்கள் 5 பேர் ஒன்றாக மூழ்கி இறந்தார்கள்.

மலையேற ஆசை என்றால் குறுக்குவழி தேடாதீர்கள். கிராஸ் ஹில்ஸ் என்கிற புல்மலைப் பகுதி பொது மக்களுக்கு இல்லை, எவ்வளவு கெஞ்சினாலும், யாரைத் தெரிந்தாலும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசே மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்து ஆன்லைனில் பதிவு வைத்தது, வழிகாட்டியும் அவர்களே தருவார்கள், தீப்பிடிக்கிற கோடை மாதங்களில் மூடிவிடுவார்கள். எஸ்டேட் உள்பாதைகள் தனியார் இடம், ஆபீசில் கேட்டுவிட்டு நடங்கள். மளுக்கப்பாறை வழியாகக் கேரளப் பக்கம் அதிரப்பள்ளிக்கு இறங்குவதாக இருந்தால் செக்போஸ்ட்டில் நேரம் எழுதிக்கொள்வார்கள், பிளாஸ்டிக் பாட்டிலைக்கூட எண்ணுவார்கள், அடுத்த முனையில் கணக்குக் கேட்பார்கள். கடுப்பாகாதீர்கள், நம் பக்கமும் அப்படிச் செய்தால் தேவலை.

நடக்கும்போது உண்ணிச்செடியை வெட்டியெடுத்துவிட்டு வரிசையாகக் கன்று நட்ட இடம் ஏதாவது கண்ணில் படலாம். அழிந்துபோன சோலைத் துண்டுகளை எஸ்டேட்காரர்களோடு சேர்ந்து உள்ளூர் மரங்களைக் கொண்டே மீட்கிற வேலை இங்கே 2000-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கன்றுகளை நர்சரியில் வளர்த்து, மழை தொடங்கும்போது நடுகிறார்கள். செக்கச்செவேலென்று தளிர் விட்டு நிற்கிற மரம் தெரிந்தால் அது குங்கிலியமாக இருக்கலாம். கன்றுகளுக்கு நடுவே நடக்காதீர்கள், அவ்வளவுதான்.

பையில் வைக்க வேண்டியது: நீள சாக்ஸ், அட்டைக்கு உப்பு அல்லது மூக்குப்பொடி, தண்ணீர் பாட்டில், பைனாகுலர் இருந்தால், அப்புறம் குப்பைக்கு ஒரு காலிப் பை. மேலே சேர்ந்த குப்பையைப் பொள்ளாச்சிக்கே கொண்டுவந்து போடுங்கள், மேலே போட்டால் காட்டுப்பன்றி கிளறும். அட்டை ஏறினால் பிடுங்காதீர்கள், நகத்தால் ஓரமாக நெம்பினால் விட்டுவிடும். வலிக்காது, ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க அது ஏதோ விட்டுவிட்டுப் போகும், மணிக்கணக்கில் கசியும். போன டிசம்பரில் நான் ஆழியாறு வந்து இறங்கி டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது கடைக்காரர்தான் என் வேட்டியைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே முழுக்கச் சிவப்பு. அட்டை எங்கே இறங்கிப் போனதோ தெரியவில்லை, ஒருவேளை இன்னும் பஸ்ஸிலேயே இருந்திருக்கும்.