முருங்கைக்கீரைப் பொடி: சத்து போகாமல் உலர்த்துவது எப்படி?

100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் சுமார் 79 கிராம் தண்ணீர். புரதம் 9 கிராமுக்குச் சற்று மேல், கால்சியம் 185 மில்லிகிராம், இரும்பு 4 மி.கி., வைட்டமின் சி 50 மி.கி. அளவில் இருக்கும். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் நிறைய உண்டு. கால்சியமும் இரும்பும் உலர்த்தினால் போகாது. வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் அழியும், தண்ணீரிலும் கரைந்துபோகும். பீட்டா கரோட்டினுக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது. செய்முறை முழுவதும் இவற்றைக் காப்பதற்குத்தான்.

படி 1: கழுவுதல்

பழுத்த இலை, பூச்சி அரித்த இலைகளை நீக்கிவிட்டுக் கொத்தாகவே கழுவுங்கள். 5 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு கரைத்து, அதில் 3 முதல் 5 நிமிடம் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அதற்கு மேல் ஊறவிட வேண்டாம்.

படி 2: உருவுதல்

நீரை உதறி வடியவிட்டு, ஈர்க்கு இல்லாமல் இலையை மட்டும் உருவுங்கள். ஈர்க்கு மெதுவாகக் காயும்; அரைத்தால் நாராகும். இலையைக் கசக்கக் கூடாது. கசங்கினால் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருக்கும் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மமும் மைரோசினேஸ் என்ற நொதியும் கலந்து ஐசோதயோசயனேட் என்ற பொருள் உண்டாகும். முருங்கையின் காரமான நெடிக்கு அதுவே காரணம்.

படி 3: உலர்த்துதல்

பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். சுத்தமான துணியில், ஒரு சதுர மீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் போகாமல் மெல்லியதாகப் பரப்புங்கள். நேர் வெயில் படாத, காற்றோட்டமான அறை வேண்டும். தினமும் ஒரு முறையாவது புரட்டிவிடுங்கள். குவியலாகக் கிடந்தால் அடி இலை வெந்ததுபோல் கறுத்து, பூசணம் பிடிக்கும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் பச்சை நிறம் வெளிறிவிடும். நிறத்தோடு கரோட்டினும் போயிருக்கும். நான்கு நாளில் காயாவிட்டால் அறையில் ஈரப்பதம் அதிகம் என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் உலர்த்தும் கருவியை 50 டிகிரி செல்சியஸில் வைப்பதே நல்லது.

பதம்: கையில் எடுத்து நொறுக்கினால் சலசலவென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

படி 4: அரைத்தல்

மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறும். சலித்து, நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டியாகும்.

உருவிய இலை 1 கிலோவுக்குச் சுமார் 220 கிராம் பொடி கிடைக்கும். அந்தக் கணக்கில் 10 கிராம் பொடியில் கால்சியம் ஏறக்குறைய 80 மி.கி., இரும்பு 2 மி.கி.க்குச் சற்றுக் குறைவு. “பாலைவிடப் பல மடங்கு கால்சியம்” என்பவர்கள் 100 கிராம் பொடியை 100 கிராம் பாலோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு வேளைக்கு அவ்வளவு பொடி யாரும் சாப்பிடுவதில்லை. பொடியில் வைட்டமின் சி குறைந்திருக்கும் என்பதால், எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். அடுப்பை அணைத்த பிறகே பொடியைத் தூவுங்கள்.

கீரையில் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே உண்டு. அதனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தினமும் சாப்பிடத் தொடங்க வேண்டாம்.