'கெட்' வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

என் பழைய சீ.ஆர். கொப்பியில் நாலு பக்கத்துக்கு ஒரே சொல்லின் பொருள்கள்தான் இருக்கின்றன. பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், விளங்கிக்கொள், பிடி என்று 'கெட்'டுக்கு அகராதியில் கண்டதையெல்லாம் எழுதிப் பாடமாக்கினேன். ஆனால் ஒருவர் எதிரே நின்று ஆங்கிலத்தில் பேசும்போது அந்த நாலு பக்கத்தில் எதை எடுப்பது என்று தெரியவில்லை. பிறகு வேறு வழி பிடித்தேன். 'கெட்'டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். வினைச்சொல்லின் மூன்று வடிவங்களும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. நாங்கள் 'எடு' என்ற சொல்லை என்ன பாடு படுத்துகிறோம் என்று பாருங்கள். தீபாவளிக்கு உடுப்பு எடுக்கிறோம், கனடாவுக்குக் கோல் எடுக்கிறோம், பரீட்சையில் மார்க்ஸ் எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், பசியும் எடுக்கிறது. இதை யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. பக்கத்தில் உடுப்பு இருக்கிறதா பசி இருக்கிறதா என்பதை வைத்தே பொருள் விளங்குகிறது. ஆங்கிலக்காரருக்கும் அப்படித்தான். பட்டியல் போட்டால் அதற்கு முடிவே இல்லை. 1989இல் வந்த ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் 2ஆம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் 430 பொருள்கள் இருக்கின்றன.

படி 1: அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால்

இதுதான் சுகமானது. பெறு, வாங்கு, கொண்டு வா, இதில் ஒன்று பொருந்தும். 'ஐ கொட் யுவர் லெட்டர்', உங்கள் கடிதம் கிடைத்தது. 'கெட் சம் மில்க்', பால் வாங்கி வா. பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அங்கும் பெறுவது என்பதுதான் அடிப்படைப் பொருள். மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

படி 2: அடுத்து ஒரு தன்மை வந்தால்

'ஆகு' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இட்ஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கொண்டு வருகிறது. 'ஐ கொட் டயர்ட்', களைத்துப் போனேன். 'ஐ வாஸ் டயர்ட்' என்றால் ஏற்கெனவே களைப்பாக இருந்தேன். 'கொட்' வந்தால் முதலில் இல்லாத களைப்புப் பிறகு வந்தது.

படி 3: அடுத்து வினையின் மூன்றாவது வடிவம் வந்தால்

எங்கள் 'படு', 'போ' இரண்டும் இங்கே உதவும். 'மை பைசிக்கிள் கொட் ஸ்டோலன்', என் சைக்கிள் களவு போய்விட்டது. 'கெட் மரீட்' என்பதும் இந்த வகைதான். அதற்குப் பிறகு 'டு' போடுங்கள், 'வித்' வேண்டாம்.

படி 4: நடுவில் ஒரு பொருள், பிறகு மூன்றாவது வடிவம்

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அப்போது எனக்கு மேலாளராக இருந்தவர் வெளிநாட்டுக்காரர். ஒருநாள் பல் பிடுங்கிவிட்டுப் பிந்தி வேலைக்குப் போனேன். காரணத்தைக் குறுஞ்செய்தியில் 'ஐ புல்ட் அவுட் மை டூத்' என்று எழுதி அனுப்பியிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கோல் எடுத்துவிட்டார். குரலில் பதற்றம் தெரிந்தது. நீங்களே பிடுங்கினீர்களா, இரத்தம் நின்றுவிட்டதா, டொக்டரிடம் போனீர்களா என்று கேட்டார்.

தமிழில் பல் பிடுங்கினேன், தலைமயிர் வெட்டினேன், சட்டை தைத்தேன், வீடு கட்டினேன் என்று சொன்னால் யாரும் தவறாக எடுப்பதில்லை. பிடுங்கியவர் டொக்டர், கட்டியவர் மேசன் என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலம் அந்த இடத்தை நிரப்பச் சொல்லும். இன்னொருவரைக் கொண்டு செய்வித்தால் 'ஐ கொட் மை டூத் புல்ட் அவுட்' என்று சொல்ல வேண்டும். முதலில் 'கொட்', பிறகு பல், பிறகுதான் வினை. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. நான் அடுத்த வாரமே 'ஐ கொட் கட் மை ஹெயார்' என்று மாற்றிப் போட்டுவிட்டேன். 'ஐ கொட் மை ஹெயார் கட்' என்பதுதான் சரி. வாய்க்குப் பழகும் வரை இரண்டு வசனங்களை மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன்: சைக்கிளை நானே திருத்தினேன், 'ஐ ரிப்பெயார்ட் மை பைசிக்கிள்'. கடையில் கொடுத்துத் திருத்தினேன், 'ஐ கொட் மை பைசிக்கிள் ரிப்பெயார்ட்'. நீங்களும் பத்துத் தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

யார் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டுமென்றால் ஆளைப் போட்டு 'டு' சேருங்கள். 'ஐ கொட் மை பிரதர் டு ஃபிக்ஸ் இட்', தம்பியைக் கொண்டு திருத்துவித்தேன்.

படி 5: அடுத்து அப், ஒன், ஓவர், பை போன்ற சின்னச் சொல் வந்தால்

இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக எடுங்கள், பிரித்தால் பொருள் போய்விடும். 'கெட் அப்' எழும்பு, 'கெட் பை' சமாளி, 'கெட் ஓவர்' வருத்தத்திலிருந்து தேறு. நேர்முகத் தேர்வில் 'வீ வில் கெட் பேக் டு யூ' என்றால் பிறகு அறிவிக்கிறோம் என்று பொருள். அவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

ஏறுவதற்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வாகனமென்றால் 'கெட் ஒன்'. பருத்தித்துறை பஸ், யாழ்தேவி, குறிகட்டுவானில் நயினாதீவுக்கு ஏறும் படகு எல்லாம் அதில் அடங்கும். குனிந்து உள்ளே போய் உட்காரும் கார், ஓட்டோவுக்கு 'கெட் இன்'. மீன்பிடிக்கப் போகும் சின்ன வள்ளமும் 'இன்'தான். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் மேலே ஏறி இருக்கிறோம், அதனால் 'ஒன்'.

என்ன வைத்துப் படிப்பது?

மொழிபெயர்ப்புச் செயலியில் 'கெட்' என்று தனிச்சொல்லாகத் தட்டாதீர்கள். பெரும்பாலும் 'பெறு' என்றுதான் வரும், அது உங்களை முதல் படியிலேயே நிறுத்திவிடும். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் மூன்றுக்கும் மாணவர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்கு லோங்மன்தான் பிடிக்கும், விளக்கத்தை எளிய சொற்களில் தருகிறது. அப்புறம் ஒரு கொப்பி எடுத்து, மேலே சொன்ன ஐந்துக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்குங்கள். கேட்ட வசனத்தை முழுதாக எழுதி, எதிரே தமிழ் வசனத்தையும் முழுதாக எழுதுங்கள். தனிச்சொல் எழுத வேண்டாம்.

பின்சேர்க்கை 1: ஓஎல் எழுதும் ஒரு தங்கச்சி, கடிதத்தில் 'கெட்' போடலாமா என்று கேட்டிருந்தார். நண்பருக்கு எழுதும்போது தாராளமாகப் போடுங்கள். அதிபருக்கோ அலுவலகத்துக்கோ எழுதினால் 'ரிசீவ்', 'ஒப்டெய்ன்', 'பிகம்' நல்லது.

பின்சேர்க்கை 2: 'டு' நேராக ஒட்டி வரும் வகையை விட்டுவிட்டேன் என்று இருவர் எழுதியிருந்தார்கள். அது உண்மை. 'வீ கொட் டு சீ த தேர்' என்றால் தேர் பார்க்கக் கிடைத்தது. நல்லூரில் அந்தச் சனத்துக்குள் நின்று தேரைக் கண்டவருக்கு இந்தக் 'கிடைத்தது' நன்றாக விளங்கும். ஆனால் முன்னால் 'ஹேவ்' வந்து 'வீ ஹேவ் கொட் டு கோ' என்றால் போயே ஆக வேண்டும். அந்த 'ஹேவ்' பேச்சில் தேய்ந்து 'வீவ் கொட் டு' என்று வரும், சிலவேளை காதில் விழவே விழாது. அப்போது நேரத்தைக் கவனியுங்கள். நடந்து முடிந்ததைச் சொல்கிறார் என்றால் கிடைத்தது, இனிமேல் நடக்க வேண்டியதைச் சொல்கிறார் என்றால் கட்டாயம்.