தேரூர் வாத்துகளை மறைத்த ஓர் எழுத்து

கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வலசை வரும் ஊசிவால் வாத்தின் போக்கை அறிய, பறவை ஆர்வலர்கள் தாம் பார்த்தவற்றைப் பதியும் இ-பேர்ட் தளத்தின் பதிவுகளை வைத்து ஒரு புள்ளியியல் மாதிரி அமைத்தேன். வாத்துகளின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு சரிந்துகொண்டே போய்ச் சுழியைத் தொட்டது. தை மாதம் குளக்கரையில் நின்று அந்தக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவன் நான்!

நீர்மட்டத்தைச் சேர்த்தேன், பார்வை நேரத்தைச் சேர்த்தேன். எண்ணிக்கைகளுக்கான பாய்சான் பரவலை விட்டு, ஏற்ற இறக்கம் மிகுந்த எண்ணிக்கைகளுக்குப் பொருந்தும் நெகட்டிவ் பைனாமியல் பரவலுக்கு மாறினேன். நான்கு நாள் போயிற்று. கோடு அசையவில்லை.

ஐந்தாம் நாள் மூலக் கோப்பைத் திறந்து எண்ணிக்கைப் பத்தியை வரிவரியாகப் பார்த்தேன். அண்மை ஆண்டுகளில் பல இடங்களில் எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ இருந்தது. ‘பார்த்தேன், எண்ணவில்லை’ என்று அதற்குப் பொருள். எண்ணாக மாற்றும்போது அது வெற்றிடமாகியிருக்கிறது. வெற்றிடங்களையெல்லாம் சுழியாக்கும் ஒரு வரியை நானே எப்போதோ எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் பெரிதாக இருந்தால்தானே எண்ணச் சலிக்கும்? வாத்து மிகுந்த நாள்களே சுழியாகிவிட்டன.

அந்த வரியை நீக்கி, ‘எக்ஸ்’ பதிவுகளை, வாத்து இருந்ததா இல்லையா என்று பார்க்கும் இருப்பு–இன்மை மாதிரிக்கு மட்டும் கொடுத்தேன். சரிவு மறைந்தது. எண்ணிக்கை மாதிரியில் அவற்றை விலக்கினால் பெரிய கூட்டங்கள் விடுபடும் என்பதால், அதை இன்னும் முழுதாக நம்பவில்லை.