மூலம், ஆசனவாய் வெடிப்பு அறுவை சிகிச்சைக்குப் பின்: வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

மூலத்துக்கோ ஆசனவாய் வெடிப்புக்கோ அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களில் பலர், வலிக்குப் பயந்து மலம் கழிப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். நாள் தள்ளத் தள்ள மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், அது இறுகி, எந்த வலிக்கு அஞ்சினார்களோ அதையே கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே மலத்தை இளக்கமாக வைத்துக்கொள்வதும், முக்காமல் கழிப்பதுமே முதல் வேலை. உங்கள் மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 1: உணவும் நீரும்

பழம், காய்கறி, கீரை, பயறு, முழுதானியம் ஆகியவற்றின் மூலம் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும் என்பதால் சிறிது சிறிதாகக் கூட்டுவது நல்லது. இசப்கோல் (நார்ச்சத்து மிகுந்த விதை உமி) எடுப்பவர்கள் அதை ஒரு முழு டம்ளர் நீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். போதிய நீரில்லாத நார்ச்சத்து மலச்சிக்கலைக் கூட்டவே செய்யும். நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் நீர் பெரும்பாலோருக்குப் போதும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கக்கூடியவை. எனவே உடன் கொடுத்த மலமிளக்கியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 2: கழிப்பறையில்

காலை உணவுக்குப் பின் குடல் இயல்பாகவே அசைந்துகொடுக்கும்; அந்த நேரத்தில் உணர்வு வந்ததும் சென்றுவிடுங்கள். நாற்காலி போன்ற உயரமான கழிப்பறைப் பீங்கானில் அமர்பவர்கள், முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி பாதங்களைச் சிறு முக்காலியில் வைத்து, சற்று முன்சாய்ந்தால், மலக்குடலின் வளைவு நிமிர்ந்து மலம் எளிதாக வெளியேறும். மூச்சை அடக்கி முக்க வேண்டாம். 5 நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வந்து, உணர்வு வரும்போது மீண்டும் செல்லுங்கள். கைப்பேசி வெளியிலேயே இருக்கட்டும். அது உள்ளே வந்தால் 5 நிமிடம் அரை மணி நேரமாகிவிடும்.

படி 3: வெதுவெதுப்பான நீரில் அமர்தல்

அகன்ற தொட்டியில் இடுப்பு அமிழும் அளவு வெதுவெதுப்பான நீர் எடுத்து, மணிக்கட்டின் உட்புறத்தால் சூடு பார்த்தபின், 10 முதல் 15 நிமிடம் அமருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறையும், மலம் கழித்த பின்னரும் இதைச் செய்தால் ஆசனவாயைச் சுற்றி இறுகிய சுருக்குத்தசை தளர்ந்து வலி குறையும். கிருமிநாசினி எதுவும் கலக்கத் தேவையில்லை. வெறும் நீரே போதும். பிறகு தேய்க்காமல், மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள்.

படி 4: நடையும் ஓய்வும்

வீட்டுக்குள் அடிக்கடி நடங்கள். பளு தூக்குவதை மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிருங்கள்.

எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும்?

மலத்தோடு சில துளி இரத்தம் வருவது முதல் சில வாரங்களில் வழக்கமே. ஆனால் இரத்தம் நிற்காமல் வந்தாலோ, கட்டிகட்டியாக வெளிப்பட்டாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு வலி கூடிக்கொண்டே போனாலோ, மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.