காலேஜ்ல யாராச்சும் தொல்லை குடுத்தா முதல்ல என்ன பண்ணணும்

தொல்லையோ, சாதி மதம் நிறம்னு எதையாவது வெச்சு மட்டம் தட்டறதோ, நிறைய பேர் "இதெல்லாம் புகார் குடுக்கற அளவுக்கு பெரிய விஷயமா"ன்னு யோசிச்சே மாசக்கணக்கா ஓட்டிடறாங்க. அதை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம், எழுதி வைக்கறதை மட்டும் அன்னைக்கே பண்ணிடுங்க.

தேதி, நேரம், இடம், பக்கத்துல யார் இருந்தாங்க, தொல்லை குடுத்தவங்க சொன்ன வார்த்தை அப்படியே. கெட்ட வார்த்தையா இருந்தாலும் மாத்தாதீங்க, "அசிங்கமா பேசினாரு"ன்னு மட்டும் எழுதினா விசாரணைல நிக்காது. பயத்துல நீங்க சிரிச்சு சமாளிச்சிருந்தா அதையும் எழுதுங்க, எதிர்த்தரப்பு முதல்ல அதைத்தான் பிடிப்பாங்க, நீங்களே சொல்லிட்டா அவங்க கைல ஒண்ணும் இருக்காது. எழுதினதை உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிடுங்க, தேதி தானா பதிவாயிடும். காலேஜ் ஐடி வேண்டாம், சொந்த ஐடி.

வாட்ஸ்அப்ல வந்ததுன்னா ஸ்க்ரீன்ஷாட்ல நம்பரும் தேதியும் தெரியணும். வெறும் பேர் தெரிஞ்சா போதாது, அது நீங்க சேவ் பண்ண பேர்தானே, யாரும் எப்படி வேணா சேவ் பண்ணலாம். ப்ரொஃபைலைத் திறந்து நம்பரோட ஒண்ணு எடுங்க, சாட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. பிளாக் பண்ணிக்கோங்க, ஆனா கோவத்துல டெலீட் மட்டும் பண்ணிடாதீங்க.

பாகுபாடு இன்னும் சிக்கல், யாரும் வாயைத் திறந்து காரணம் சொல்லமாட்டாங்க, வைவால (வாய்மொழித் தேர்வுல) மார்க் குறையும், ப்ராஜெக்ட் டீம்ல சேர்த்துக்கமாட்டாங்க, அவ்ளோதான். ஒரு தடவைன்னா தற்செயல்னு தள்ளிடுவாங்க, அதே மாதிரி பசங்களுக்கே அஞ்சு தடவை நடந்திருந்தா அப்படித் தள்ள முடியாது. அதனால வேற யாருக்கெல்லாம் நடந்துச்சுன்னு சீனியர்ஸ்கிட்டயும் கேளுங்க.

புகாருக்கு கெடு உண்டு, இதுலதான் பல பேர் கோட்டை விடறாங்க. இந்தியாவுல பாலியல் தொல்லைக்கான 2013 சட்டப்படி கடைசியா நடந்ததுல இருந்து 3 மாசம், காரணம் சரியா இருந்தா இந்தப் புகார்களை விசாரிக்கற காலேஜ் கமிட்டி இன்னொரு 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம், விசாரணை 90 நாள்ல முடியணும். அந்தச் சட்டம் பெண்களுக்கானது, ஆனா காலேஜுகளுக்குன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2015ல போட்ட விதிமுறை ஆண் மாணவர்களையும் மூணாம் பாலினத்தவரையும் சேர்த்தே பேசுது. "சமாதானமா போயிடலாமே"ன்னு யாராவது அழுத்தினா, சமரசம் கேக்கற உரிமை புகார் குடுத்தவங்களுக்குத்தான், காசு குடுத்து முடிக்க அதுல இடமில்லன்னு சொல்லுங்க. வேற நாட்டுல படிக்கிறவங்களுக்கு வேற சட்டம், அமெரிக்காவுல படிப்புல பாலினப் பாகுபாட்டைத் தடுக்க 1972ல வந்த டைட்டில் நைன், பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டம். எங்க இருந்தாலும் காலேஜ் கையேட்டுல கமிட்டி ஆட்கள் பேரையும் கெடுவையும் தேடி வெச்சுக்கோங்க. கிளாஸ் ரெப்பா இருக்கீங்கன்னா முதல் வாரமே அதை குரூப்ல போட்டுடுங்க, கமிட்டி யாருன்னு எல்லாருக்கும் தெரியும்னு ஆயிட்டாலே வாலாட்டறவங்க கொஞ்சம் அடங்குவாங்க.

பக்கத்துல இருந்து பாக்கறவங்க சண்டைக்குப் போகணும்னு அவசியமில்ல. "ஏய், உன்ன மேம் கூப்பிடறாங்க"ன்னு தொல்லைல மாட்டினவங்களை அங்கிருந்து கிளப்பிட்டு வந்தாலே பெரிய உதவி. அப்புறம் "ரிப்போர்ட் பண்ணு, பண்ணு"ன்னு நச்சரிக்காதீங்க, அது அவங்க முடிவு. சாட்சி எழுதறதா இருந்தா தனியா உக்காந்து உங்க வார்த்தைல எழுதுங்க, ரெண்டு பேர் வரிக்கு வரி ஒரே மாதிரி எழுதினா சொல்லிக் குடுத்த மாதிரி தெரியும்.

புகாரைக் குடுக்கும்போது ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல சீலும் தேதியும் வாங்காம அந்த ரூமை விட்டு வெளிய வராதீங்க. அதுக்கப்புறம் திடீர்னு அட்டெண்டன்ஸ் குறையுது, இன்டர்னல் மார்க் அடிவாங்குதுன்னா அது பழிவாங்கலா இருக்கலாம், அதையும் அதே மாதிரி தேதியோட எழுதி அதே கமிட்டிக்கு அனுப்புங்க.